ராஜாஜி, பெரியார், டி.ஆர்.சுந்தரம் மூவரையும் ஒரே மேடையில் ஏற்றலாமா?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் படிக்கிறவர்களுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. சேலத்தில் ஒரு பள்ளி ஆசிரியை கேட்கிறார். ஹால் சுவர் முழுக்க 'நம்ம சேலம்' என்று ஒரு போட்டோமாண்டேஜ், அதாவது பல படங்களை வெட்டி ஒட்டிச் செய்யும் ஒரே படம், வைக்கப் போகிறார்கள். டிசைனர் கொடுத்த ப்ரூஃபில் நடுவில் ஒரு மேடை, அதில் ராஜாஜி, பெரியார், மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோ டி.ஆர்.சுந்தரம் மூவரும் தோளோடு தோள் உரசி நிற்கிறார்கள், பின்னால் ஏற்காடு ஏரி, ஏரிக்கும் பின்னால் மேட்டூர் அணை, ஓரத்தில் ஒரு மாம்பழக் கூடை. வரலாறு நடத்தும் சக ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டு, "இது பொய்ப்படம், பிள்ளைகளுக்கு இதை வரலாறு என்று காட்டாதீர்கள், தனித்தனிப் படமாக மாட்டுங்கள்" என்கிறார். யார் சொல்வது சரி, போட்டோமாண்டேஜில் வரலாறு சொல்லவே கூடாதா என்பது கேள்வி.

டீச்சர், அந்த ப்ரூஃப் தப்புதான், அந்த மட்டும் நான் உங்கள் சக ஆசிரியர் பக்கம். ஆனால் அவர் சொல்லும் காரணம் நிற்காது. வெட்டி ஒட்டியதாலோ கைவைத்துத் திருத்தியதாலோ ஒரு படம் பொய்யாகிவிடும் என்றால், போட்டோ என்ற ஒன்று வந்த நாளிலிருந்து சேர்த்துவைத்ததில் பெரும் பகுதியைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டியிருக்கும்.

நம்ம மாவட்டத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். லின்னேயஸ் டிரைப் என்ற கேப்டன், சென்னை மாகாண அரசின் போட்டோகிராபராக 1857, 58இல் மதுரை, தஞ்சாவூர், திருச்சி என்று சுற்றி எடுத்தவை தென்னிந்தியாவின் பழைய படங்களில் மிக நல்லவை. அந்தத் தொகுதிகளில் ஒன்று சேலம் மாவட்டத்துக்கே உரியது, ராயக்கோட்டையும் மற்ற இடங்களும் என்று 1858இல் வந்தது. (ராயக்கோட்டை இப்போது கிருஷ்ணகிரி மாவட்டம். அப்போது தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் எல்லாமே சேலம்தான், 1965இல் தர்மபுரி பிரிந்தது, 1997இல் நாமக்கல். எந்தச் சேலத்தின் வரைபடத்தைச் சுவரில் போடப் போகிறீர்கள் என்பதையும் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.) டிரைப்பின் படங்களில் வானத்தில் மேகம் மிதக்கிறதே, அதில் பல மேகங்கள் அவர் நெகட்டிவின் மேல் தூரிகையால் வைத்தவை. அந்தக் காலத்து நெகட்டிவுக்கு நீல வெளிச்சம்தான் பலமாகப் படும், அதனால் வானம் மொத்தமும் வெளுத்துப்போய் வெறும் காகிதமாக விழும், அது அவருக்குப் பிடிக்கவில்லை. கட்டடம் கேமரா எடுத்தது, மேகம் கை போட்டது. அதற்காக அவற்றை ஆவணமில்லை என்று யாரும் தள்ளவில்லை, மேகத்தை வைத்து அன்று மழை வந்ததா என்று யாரும் ஆராய்ச்சி பண்ணாத வரைக்கும் பிரச்சினை இல்லை.

இன்னும் கிட்டத்தில் வேண்டுமென்றால் செவ்வாய்ப்பேட்டையிலோ அம்மாபேட்டையிலோ பழைய வீடு ஒன்றில் கூடத்தில் மாட்டியிருக்கும் தாத்தா பாட்டி படத்தை ஸ்டூல் போட்டு ஏறி நெருங்கிப் பாருங்கள். பாட்டி சின்ன வயதிலேயே போயிருப்பார், அவருக்கு இருக்கும் ஒரே படம் ஏதோ கல்யாணக் குரூப் போட்டோவில் மூன்றாவது வரிசையில் சுண்டைக்காய் அளவு முகம். ஸ்டுடியோக்காரர் அதைக் காப்பி எடுத்து, என்லார்ஜ் பண்ணி, முகத்தை மட்டும் வெட்டி, தாத்தாவின் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி, சேலையும் ஜாக்கெட்டும் தூரிகையால் வரைந்து, ஒட்டின ஓரத்தை டச்சப் பண்ணி மறைத்து, மறுபடி ஒரு காப்பி எடுத்து ஃபிரேம் போட்டுக் கொடுத்திருப்பார். உற்றுப் பார்த்தால் தாத்தா முகத்தில் வெளிச்சம் இடது பக்கமிருந்து விழும், பாட்டி முகத்தில் வலது பக்கமிருந்து. தாத்தாவுக்கு அறுபது வயது, பாட்டிக்கு இருபது சொச்சம். தோள் இரண்டும் சேரும் இடத்தில் நிழலே இருக்காது. நான் டார்க் ரூமில் வேலை பழகிய காலத்தில் இந்த மாதிரி ஆர்டர் அடிக்கடி வரும், "கழுத்துல ஒரு காசுமாலை போட்ருங்க சார், எங்கம்மாவுக்கு அதுமேல ஆசை" என்று வேறு கேட்பார்கள், வரைந்து கொடுப்போம்.

அந்த வீட்டில் யாரையும் யாரும் ஏமாற்றவில்லை. அவர்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டதே இல்லை என்பது வீட்டுக்கே தெரியும். இவர்கள்தான் எங்களைப் பெற்றவர்கள் என்கிறது அந்தப் படம், இன்ன தேதியில் ஸ்டுடியோவுக்குப் போனார்கள் என்று அது சொல்லவில்லை. கொள்ளுப்பேரன் ஒருவன் அதை வைத்துக்கொண்டு பாட்டி தாத்தாவைவிட நாற்பது வயது இளையவர் என்று குடும்ப வரலாறு எழுதினால் அப்போதுதான் வம்பு.

அதனால் நான் ஒரு படத்தைப் பார்த்ததும் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். "இது ஒரே இடத்தில் ஒரே நொடியில் நடந்தது, நம்பு" என்று சொல்கிறதா, இல்லை "இதையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்" என்கிறதா. ஒட்டுத் தெரிகிறதா தெரியவில்லையா என்பதெல்லாம் அப்புறம். ஒட்டுத் தெரிந்தால் நேர்மை, மறைத்தால் மோசடி என்று பலர் பிடித்துக்கொள்கிறார்கள், அந்தக் கணக்கு ஒத்துவராது. எடுபட்ட மோசடிகளில் சில அரைகுறையாக ஒட்டியவை, நேர்மையான சிலவற்றில் பூதக்கண்ணாடி வைத்தாலும் ஒட்டுத் தெரியாது.

முதல் வகைக்கு 1871 பாரிஸைச் சொல்லலாம். மார்ச்சிலிருந்து மே வரை அந்த ஊர் கம்யூன்காரர்கள் என்ற புரட்சிக்காரர்கள் கையில் இருந்தது, அப்புறம் வெர்சாயில் இருந்த பிரெஞ்சு அரசின் ராணுவம் நுழைந்து ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்று ஊரைப் பிடித்தது. அதன் பிறகு யூஜீன் அப்பேர் என்ற போட்டோகிராபர் 'கம்யூனின் குற்றங்கள்' என்று ஒரு வரிசை வெளியிட்டார். நடிகர்களை வேஷம் போட்டு நிற்க வைத்துப் படம் எடுப்பது, சிறையில் தான் எடுத்து வைத்திருந்த கைதிகளின் முகங்களை வெட்டி நடிகர்கள் தலைமேல் ஒட்டுவது, நிஜ இடத்தின் படத்தைப் பின்னணியாக வைத்து மறுபடி காப்பி எடுப்பது, இதுதான் வேலை. மார்ச் 18 அன்று இரண்டு ஜெனரல்கள் கொல்லப்பட்டது கும்பலின் களேபரத்தில், அப்பேர் படத்தில் பார்த்தால் வரிசை பிடித்து நின்று உத்தரவுக்குச் சுடுகிறார்கள். ஒரு களேபரத்தை நிர்வாகம் செய்த கொலையாக மாற்றிவிட்டது படம். இன்றைக்குப் பார்த்தால் தலைகள் உடம்போடு பொருந்தாமல் நிற்பது நன்றாகவே தெரிகிறது. ஆனாலும் விற்றது, ஏனென்றால் அது "நடந்ததைப் பார்" என்று விற்கப்பட்டது.

உங்கள் டிசைனர் செய்ததற்கு இன்னும் நெருங்கிய சொந்தம் அமெரிக்காவில் இருக்கிறது. உள்நாட்டுப் போரில் ஜெனரல் கிராண்ட் சிட்டி பாயின்ட் என்ற இடத்தில் படை முகாமுக்கு முன்னால் கம்பீரமாகக் குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் படம், ரொம்பப் பிரபலம். 1902 வாக்கில் எல்.சி.ஹேண்டி என்பவர் மூன்று நெகட்டிவ்களை வைத்துச் செய்தது அது. தலை மட்டும்தான் கிராண்டுடையது. உடம்பும் குதிரையும் மெக்குக் என்ற இன்னொரு ஜெனரலுடையவை. பின்னால் தெரியும் கூட்டம் அவருடைய படையே இல்லை, பிடிபட்ட எதிரிப் படைக் கைதிகள்! அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காரர்கள் பிற்பாடு துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டும் வரை பலர் இதை நிஜப் படமென்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று துண்டும் உண்மையான போட்டோக்கள், சேர்த்ததும் ஒரு பொய்.

இப்போது மறுபக்கம். 1919, 20இல் பெர்லினில் ஹன்னா ஹோக் என்ற பெண் ஓவியர், பத்திரிகைகளிலிருந்து வெட்டிய நூற்றுக்கணக்கான துண்டுகளை ஒட்டி பெரிய மாண்டேஜ் ஒன்று செய்தார், 114க்கு 90 சென்டிமீட்டர். சமையலறைக் கத்தியால் ஜெர்மனியின் தொப்பை விழுந்த காலத்தை வெட்டுகிறேன் என்கிற மாதிரி நீளமான ஒரு தலைப்பு. போரில் தோற்று, ஜெர்மன் பேரரசர் கெய்சர் ஓடிப்போய், புரட்சி வெடித்து அடங்கிய சமயம். படத்தில் கெய்சரின் மீசை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மல்யுத்த வீரர்கள், ஐன்ஸ்டைன் தலை ஒரு பக்கம், லெனின் தலை ஒரு பக்கம், நடனக்காரியின் உடம்புமேல் வேறொரு பெண் ஓவியரின் தலை, நடுவில் எல்லாம் பல்சக்கரமும் பால்பேரிங்கும். எனக்குப் பிடித்தது கீழே வலது மூலை. ஐரோப்பாவில் எந்தெந்த நாட்டில் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்திருக்கிறது என்று காட்டும் சின்ன வரைபடத்தை அங்கே ஒட்டி, அதன் ஓரத்தில் தன் முகத்தைக் கையெழுத்து மாதிரி வைத்திருக்கிறார். ஜெர்மன் பெண்கள் முதன்முதலாகத் தேசியத் தேர்தலில் ஓட்டுப் போட்டது 1919 ஜனவரியில். இந்தச் செய்தியைப் பாடப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படிப்பதற்கும், இத்தனை ஆண்பிள்ளைத் தலைகளின் களேபரத்துக்குக் கீழே மூலையில் தேடிக் கண்டுபிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் மாண்டேஜ். தனித்தனியாகச் சட்டம் போட்டு மாட்டினால் இது வராது, உங்கள் சக ஆசிரியரிடம் இதைச் சொல்லுங்கள்.

ஹோக்கின் நண்பர் வட்டத்திலேயே ஜான் ஹார்ட்ஃபீல்ட் என்று ஒருவர். அவர் ஒட்டு தெரியவே தெரியாது, டச்சப் அவ்வளவு சுத்தம். 1932இல் ஹிட்லர் கையைப் பின்னால் மடக்கி சல்யூட் வைக்க, பின்னால் நிற்கும் தலை தெரியாத ஒரு பூதாகாரமான கோட்டுக்காரர் அந்த உள்ளங்கையில் பணக் கட்டை வைக்கிறார். "கோடிக்கணக்கானவர்கள் என் பின்னால்" என்ற ஹிட்லரின் வாய்ப்பேச்சு பக்கத்தில். பார்க்கிற எவனும் ஹிட்லர் உண்மையில் இருபது அடி ஆளிடம் காசு வாங்கினார் என்று நினைக்கவில்லை, ஆனால் முதலாளிகள் பணம் கொடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டு ஒரே பார்வையில் ஏறிவிடும். அடுத்த வருஷமே ஹார்ட்ஃபீல்ட் பிராகுக்குத் தப்பி ஓட வேண்டியதாயிற்று. நம் நாட்டிலும் ஒன்று சொல்லலாம். ஓவியர் விவான் சுந்தரம், தன் தாத்தா உம்ராவ் சிங் ஷேர்கில் எடுத்த குடும்பப் படங்களை வைத்து 2001, 02இல் கம்ப்யூட்டரில் செய்த வரிசை. அவருடைய பெரியம்மா ஓவியர் அம்ரிதா ஷேர்கில் வெவ்வேறு வயதில் ஒரே அறைக்குள் இருப்பார், ஒட்டைக் கண்டுபிடிக்க முடியாது. 1941இல் இருபத்தெட்டு வயதில் இறந்துபோன ஒருவர் ஒரே படத்தில் இரண்டு முறை இருந்தாலே இது பதிவு இல்லை, ஒரு குடும்பம் தன் நினைவைக் கிளறிப் பார்ப்பது என்று புரிந்துவிடுகிறது.

வெளியூர் எதற்கு, இந்த வித்தையை ஏற்காடு அடிவாரத்திலேயே பண்ணியிருக்கிறார்கள். மாடர்ன் தியேட்டர்ஸ் 1940இல் எடுத்த 'உத்தம புத்திர'னில் பி.யு.சின்னப்பா இரட்டை வேடம், தமிழ் சினிமாவின் முதல் இரட்டை வேடம் என்பார்கள். அந்தக் காலத்து வழி, லென்ஸுக்கு முன்னால் பாதியை மறைத்து ஒரு பக்கம் நடிக்க வைத்து எடுத்து, ஃபிலிமைப் பின்னால் சுற்றி, மற்ற பாதியை மறைத்து மறுபடி எடுப்பது. கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒரே சின்னப்பாதான் என்று தெரியும், அதனால்தான் கைதட்டினார்கள். பிள்ளைகளுக்கு மாண்டேஜ் என்றால் என்ன என்று விளக்க இதைவிட நல்ல உள்ளூர் உதாரணம் கிடையாது, சுவரில் டி.ஆர்.சுந்தரத்தை ஆளாக நிற்க வைப்பதைவிட இந்தப் பாதி மறைத்த ஃபிரேமை வரைந்து போடலாம்.

சரி, உங்கள் ப்ரூஃபுக்கு வருவோம். அதில் என்ன கோளாறு? 1917இல் சேலம் நகராட்சித் தலைவரான ராஜாஜிக்கு வயது 38. ப்ரூஃபில் நிற்பவரோ கறுப்புக் கண்ணாடி போட்ட கிழவர், அதாவது சேலத்தை விட்டுப் போய் எத்தனையோ வருஷம் கழித்த ராஜாஜி. சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கியது 1935இல். பெரியார் தலைமையில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறிய சேலம் மாநாடு 1944 ஆகஸ்ட் 27. இந்த மூன்று சேலங்களும் வெவ்வேறு சேலங்கள். அதை ஒரே மேடையாக்கி, மூவருக்கும் ஒரே புன்னகை, ஒரே விளக்கு வெளிச்சம் கொடுத்தால், ராஜாஜியும் பெரியாரும் 1937இல் இந்தித் திணிப்பிலும் 1953இல் குலக்கல்வியிலும் மோதிக்கொண்டது காணாமல் போய்விடும். அதேசமயம் அவர்கள் நட்பும் காணாமல் போகிறது. 1972 டிசம்பரில் ராஜாஜி இறந்தபோது தொண்ணூறைத் தாண்டிய பெரியார் தள்ளாத உடம்போடு வந்து அழுதாரே, அந்த அழுகைக்கு முன்னால் இந்தச் செயற்கை மேடை எதற்கு? இரண்டு பேரையும் எதிரெதிரே வைத்து நடுவில் சண்டை போட்ட வருஷங்களையும் பழகிய வருஷங்களையும் பத்திரிகைத் துணுக்குகளாக நிரப்புங்கள். மேட்டூரை ஏற்காடு ஏரிக்குப் பின்னால் வைத்ததும் அப்படித்தான், ஒன்று சேலத்துக்கு மேற்கே, இன்னொன்று வடகிழக்கே மலைமேல்.

மேட்டூரை வைத்து நல்ல மாண்டேஜ் ஒன்று பண்ணலாம். 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த அணை அது, நீர்த்தேக்கத்துக்குள் ஊர்கள் முழுகின. இப்போதும் நீர்மட்டம் இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே வரும். ஒரே இடத்தில் நின்று தண்ணீர் நிறைந்தபோது ஒரு படம், வற்றியபோது ஒரு படம் எடுத்து, இரண்டையும் பட்டைப் பட்டையாக வெட்டி மாற்றி மாற்றி ஒட்டுங்கள். எந்த நொடியிலும் அப்படி ஒரு காட்சி இருந்ததில்லை, இருந்தாலும் அணை எதைக் கொடுத்தது எதை எடுத்துக்கொண்டது என்பது அதில்தான் தெரியும்.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் இன்னொரு சிக்கல். கலெக்டர் காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்தது 1820களில் என்கிறார்கள், போட்டோகிராபி உலகத்துக்கு அறிவிக்கப்பட்டதே 1839இல். ஆகவே காக்பர்ன் செடி நடுகிற போட்டோ என்று எது வந்தாலும் அது ஏதோ ஒரு தொப்பிக்காரத் துரையின் படம், போடாதீர்கள். பிற்காலத்து எஸ்டேட் குரூப் போட்டோ கிடைத்தால் போடலாம். அதில் நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்குப் பெயர் எழுதியிருக்கும், பின்னால் கூடையோடு நிற்கும் பெண்களுக்கு இருக்காது. துரையைச் சின்னதாக்கி அந்தப் பெண்களைப் பெரிதாக்கி ஒட்டினால் பொய் சொன்னதாக ஆகாது. யாரைப் பெரிதாகப் பார்க்க வேண்டும் என்று நீங்கள் வாதாடுகிறீர்கள், பார்க்கிறவனுக்கும் அது தெரியும்.

படமே இல்லாததை என்ன செய்வது? 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்திய சிறையில் போலீஸ் சுட்டதில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் இறந்தார்கள். பள்ளிச் சுவரில் இது வேண்டுமா என்று நிர்வாகம் முனகும், நான் வேண்டும் என்பேன். கம்பிக்குப் பின்னால் கைகள் தெரிகிற இன்டர்நெட் படத்தை எடுத்து ஒட்டுவதுதான் வழக்கமான வேலை, அதைச் செய்யாதீர்கள், அது வேறு யாரோ ஒருவருடைய ஜெயில். அந்த இடத்தில் வெறும் சாம்பல் நிறக் கட்டம் ஒன்றை விட்டுத் தேதியையும் 22 என்ற எண்ணையும் மட்டும் போடுங்கள். சுற்றிலும் படங்கள் நெருக்கியடிக்கும்போது ஒரு காலிக் கட்டம் கண்ணை இழுக்கும்.

டிசைனரிடம் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். ஒரே நொடி என்ற பிரமையைக் கொண்டுவருவது எல்லாருக்கும் பொதுவான தரை, ஒரே பக்கத்து நிழல், எல்லாப் படத்துக்கும் ஒரே மாதிரி கலர் டோன், அப்புறம் ஓரங்களைக் கரைத்துவிடும் ஃபெதர். இந்த நாலையும் எடுக்கச் சொல்லுங்கள். கறுப்பு வெள்ளை கறுப்பு வெள்ளையாகவே இருக்கட்டும், பேப்பரில் வந்த படத்தின் புள்ளிகள் புள்ளிகளாகவே தெரியட்டும், பழசுக்குக் கலர் ஏற்ற வேண்டாம். ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டுப் பக்கத்தில் ஒரு பலகையில் வருஷம், இடம், யாரிடமிருந்து வந்தது என்று எழுதி வையுங்கள். மாம்பழக் கூடை இருந்துவிட்டுப் போகட்டும், அது யாரையும் ஏமாற்றாது.

ஏஐயில் போட்டுக் கிழிந்த மூலைகளை நிரப்பி முகங்களைத் துல்லியமாக்கித் தருகிறேன் என்று அவர் சொன்னதற்கு மட்டும் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லுங்கள். டிரைப்பின் மேகத்தைப் போல வானத்தில் போனால் பரவாயில்லை, அது முகத்தில் கைவைக்கும், மங்கலாக இருந்த ஆளுக்கு யாருடையதோ ஒரு மூக்கையும் கண்ணையும் கொடுத்துவிடும், பத்து வருஷம் கழித்து அதுதான் அவர் முகம் என்று ஆகிவிடும். கிழிசல் கிழிசலாக இருக்கட்டும். ஒரிஜினல் ஸ்கேன்களைத் தொடாமல் தனி ஹார்டு டிஸ்க்கில் வையுங்கள், டிசைனரிடம் வெறும் ஜேபெக் வாங்காமல் லேயர் பிரித்த ஃபைலையே கேட்டு வாங்கிவிடுங்கள், ஏனென்றால் சுவர் எழும்பின மறுமாசமே யாராவது ஒரு பழைய மாணவர் வீட்டுப் பரணிலிருந்து இதைவிட நல்ல படம் ஒன்றைக் கொண்டு வந்து நீட்டுவார், அப்போது ஒரு துண்டை மாற்ற மொத்தத்தையும் மறுபடி செய்ய வேண்டியிருக்காது.